ஒரு அவுன்ஸ் ஈயம் என்ன விலை?

"மான் வேட்டைக்கு எந்த ஸ்லக் மலிவு?" போன வாரம் முழுக்க எங்க கிளாஸ் வாட்ஸப் குரூப்பில் ஓடிய பட்டிமன்றத் தலைப்பு இது. சிரிக்காதீங்க. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு வடசென்னைப் பசங்க நிறைஞ்ச கிளாஸ் எங்களோடது. மானை நாங்க பார்த்தது ஸ்கூல் டூர்ல கிண்டியில், அதுவும் கம்பிக்கு அந்தப் பக்கம். துப்பாக்கியைப் பார்த்தது பேங்க் வாசல் செக்யூரிட்டி தாத்தா கையில். ஆனாலும் அமெரிக்க வேட்டை வீடியோ நாலு பார்த்ததும் ஆளாளுக்கு ஜிம் கார்பெட் ஆகிட்டாங்க.

அதுல ஒரு நண்பர் போட்ட கணக்குதான் என்னை எழுத உட்கார வெச்சது. "ஒரு ஸ்லக் நூறு ரூபா மச்சி. ஒரு மானுக்கு முப்பது கிலோ கறி. கிலோ மூணு ரூபா சொச்சம். மட்டன் விலை என்னன்னு பாரு. நம்ம ஊர்லயும் லைசென்ஸ் குடுத்து விட்டா ஏழைங்க நல்ல கறி சாப்பிடுவான்ல?"

கேட்க நியாயமாத்தான் இருக்கு. நாலு பேர் ஹார்ட் வேற போட்டாங்க. இந்த மூணு ரூபாய்க் கணக்கு முழுப் பொய். மிச்சக் காசை யார் தலையில் கட்டுறாங்கன்னு அதுல எழுதலை, அவ்வளவுதான்.

முதல்ல ஸ்லக்னா என்னன்னு பார்த்துடுவோம். ஷாட்கன் தோட்டாவுக்குள்ள வழக்கமா நிறைய குட்டி ரவைகள் இருக்கும். பறவை சுட அது. மான் மாதிரி பெரிய விலங்குக்கு ரவை பத்தாது, காயப்பட்டு ஓடிடும். அதனால ரவைக்குப் பதிலா ஒரே ஒரு பெரிய குண்டு. அதுதான் ஸ்லக். ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1898ல் ஒரு மாதிரி செஞ்சார். அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் 1931ல் இன்னொரு மாதிரி. இன்னைக்கு 'மலிவு ஸ்லக்'னு சொன்னா பெரும்பாலும் ஃபாஸ்டர் வகைதான். முன்பக்கம் கனம், பின்பக்கம் குடைஞ்சு விட்ட கூடு. இறகுப்பந்து அடிச்சா எப்பவும் கார்க் பக்கமே முன்னாடி போகும் இல்லையா, அதே தந்திரம். வழவழ குழாய்லேர்ந்து கிளம்பி நேராப் போகும், எழுபத்தஞ்சு நூறு கஜம் வரைக்கும் நம்பலாம்.

துப்பாக்கிக் குழாயை அளக்கிற முறையிலேயே ஈயம்தான் இருக்கு. '12 போர்'ங்கிறோமே, அந்தப் பன்னிரண்டு அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையா வார்த்தா, அதுல ஒரு உருண்டை சரியா நுழையுற குழாய் 12 போர். இருபது உருண்டைன்னா 20 போர். அதனாலதான் எண் பெருசானா குழாய் சிறுசாகுது.

ஏன் ஈயம்? கனம் அதிகம், தண்ணியைப் போல 11 மடங்கு. மெத்துன்னு இருக்கும், குழாயைக் கீறாது, உடம்புல பட்டதும் விரிஞ்சு பெரிய காயம் பண்ணும். எல்லாத்துக்கும் மேல, 327 டிகிரியில் உருகிடும். கரி அடுப்பு போதும். செம்பை உருக்கணும்னா 1085 டிகிரி வேணும். ஒரு அவுன்ஸ் ஈய ஸ்லக் மலிவு, செம்பு ஸ்லக் அதைவிட ரெண்டு மூணு மடங்கு விலைங்கிறதுக்கு இந்த அடுப்புச் சூடும் ஒரு காரணம்.

சரி, மேட்டருக்கு வருவோம். "நம்ம ஊர்லயும் லைசென்ஸ் குடுத்தா..."

குடுத்துப் பார்த்தாச்சு சாமி! ரொம்ப காலம் குடுத்துப் பார்த்தாச்சு. நீலகிரியில் 1877லேயே வேட்டைக்காரர் சங்கம் ஆரம்பிச்சாங்க. 1879ல் வேட்டை விலங்குகளையும் மீனையும் பாதுகாக்க ஒரு சட்டமே வந்தது. பாதுகாப்புன்னதும் மான் மேல பாசம்னு நினைச்சுடாதீங்க. சீசனுக்கு மலையேறி வர்ற துரைமாருக்குச் சுட மிச்சம் இருக்கணுமே, அதுக்கு. அன்னைக்கும் ஊர்க்காரன் சோத்துக்குப் பிடிச்சா திருட்டு, துரை சுவத்துல கொம்பு மாட்டச் சுட்டா ஸ்போர்ட்.

நம்ம பக்கத்து மாவட்டத்துக் கதை ஒண்ணு இதைவிடப் பழசு. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட, ஊர்க்காரங்க செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட போய் நின்னாங்க. 1798ல் பறவைகளைக் காக்குற உரிமையை எழுத்துல வாங்கினாங்க. எச்சம் விழுந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம்ங்கிறது அவங்க கணக்கு. எங்க நண்பர் கணக்கைவிட அந்த விவசாயி கணக்கு தேவலை. சுடுறவன் செலவோட நிறுத்தாம, சுட்ட பிறகு ஊருக்கு என்ன நஷ்டம்ங்கிறதையும் அவங்க சேர்த்துக் கூட்டினாங்க.

1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்பவும் வேட்டை லைசென்ஸுக்கு அதுல இடம் இருந்தது. அந்தக் கதவை மூடினது 1991 திருத்தம். அதுக்கப்புறம் இந்தியாவில் காசு கட்டி மான் சுடலாம்ங்கிற பேச்சே கிடையாது. ஆளைக் கொல்ல வர்ற விலங்கு மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும்தான்.

அப்போ மான் வேட்டையே நடக்கலையா? நடக்குது. பேப்பர்ல மாசத்துக்கு ஒரு தடவை ஒரு மூலையில் வரும், பார்த்திருப்பீங்க: நாட்டுத் துப்பாக்கி, கருமருந்து, பால்ரஸ் குண்டு பறிமுதல். பால்ரஸ்ங்கிறது பேரிங்குக்குள்ள உருளுற அந்தக் குட்டி இரும்பு உருண்டைதான். சைக்கிள் கடையில் கிடைக்கும். இதைவிட மலிவான 'ஸ்லக்' உலகத்துல எந்தக் கம்பெனியும் போட முடியாது. குழாய் வாய் வழியா மருந்தைத் திணிச்சு, துணியைத் திணிச்சு, உருண்டையைப் போட்டு சுடுறது. எங்கே போகும்னு சுடுறவனுக்கே தெரியாது. மான் உடனே சாகாது. வயித்துல காலில் குண்டை வாங்கிட்டு ஓடி, எங்கேயோ புதர்ல ரெண்டு நாள் கழிச்சு சாகும். அந்தக் கறி சுட்டவனுக்கும் கிடைக்காது. சில நேரம் துப்பாக்கியே வெடிச்சு சுட்டவன் விரல் போகும்.

மாட்டுறது யாரு? துப்பாக்கி தூக்கினவன். கறியைச் சொல்லி வெச்சு வாங்கித் தின்ன பண்ணை வீட்டு ஆசாமி பேர் அந்த மூலைச் செய்தியில் வந்து நான் படிச்சதே இல்லை. பெரிய இடத்துக் கேஸ் வேற வேகத்துல போகும். 1998 அக்டோபர்ல ஜோத்பூர் பக்கம் கலைமான் சுட்ட வழக்குல சல்மான் கானுக்குத் தண்டனை அறிவிச்சது 2018 ஏப்ரல் 5. அஞ்சு வருஷம்னு தீர்ப்பு. ஏப்ரல் 7ஆம் தேதி ஜாமீன்ல வெளியே. இருபது வருஷம் கேஸ், ரெண்டு ராத்திரி ஜெயில். 2023 பிப்ரவரியில் தமிழக, கர்நாடக எல்லையில் பாலாற்றுப் பக்கம் நடந்ததையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. வனத்துறை துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு காணாமப் போன மேட்டூர் பக்கத்து மீனவர் ஒருத்தர், ஆத்துல பொணமாக் கிடைச்சார். மான் வேட்டைக் கும்பல்னு சொன்னது கர்நாடக வனத்துறை. மீன் பிடிக்கத்தான் போனார்னு சொன்னது குடும்பம். கோர்ட்டு, வாய்தா, ஜாமீன் எதுவும் அவருக்குத் தேவைப்படலை.

நரிக்குறவர்களை இதுல இழுக்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. "அவங்கதானே எல்லாத்தையும் சுட்டுத் தின்னு அழிச்சாங்க"ன்னு குரூப்ல ஒரு அறிவாளி எழுதியிருந்தார். கவுதாரி, கொக்கு, நரின்னு சின்ன உயிர்களைப் பிடிச்சு வயித்தைக் கழுவினவங்க அவங்க. காட்டை அழிச்சு எஸ்டேட் போட்டது அவங்க இல்லை, டிராஃபி ரூம் கட்டினதும் அவங்க இல்லை. சட்டம் வந்ததும் தொழில் ஒரே நாள்ல குற்றமாச்சு. மணியும் ஊசியும் வித்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னாங்க. பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கிற மசோதா நாடாளுமன்றத்துல நிறைவேற 2022 டிசம்பர் ஆச்சு. தடை சரிதான், நானும் ஆதரிக்கிறேன். ஆனா தடைக்கான பில்லையும் ஏழைகிட்டயே நீட்டினோம்ங்கிறதை மறைக்காதீங்க.

"அதெல்லாம் இந்தியா. அமெரிக்கா மாதிரி ஒழுங்கா பண்ணா?"

பண்ணாங்களே. ஒழுங்காத்தான் பண்ணாங்க. அங்கே மான் ஏராளம், வேட்டைக்கு சீசன், சீட்டு, கணக்கு எல்லாம் உண்டு. வேட்டைக்காரங்க மிஞ்சின கறியை உணவு வங்கிக்குத் தானம் பண்ணுவாங்க. காசில்லாதவங்க வந்து பொட்டலம் வாங்கிட்டுப் போவாங்க. எங்க நண்பர் கனவு கண்ட அதே ஏற்பாடு. 2008ல் வடக்கு டகோட்டா மாநிலத்துல கார்னட்சர்னு ஒரு டாக்டர், அவரே வேட்டைக்காரர், அந்த அரைச்ச கறிப் பொட்டலங்களை எடுத்து ஸ்கேன் பண்ணிப் பார்த்தார். பாதிக்கும் மேல பொட்டலத்துல உலோகத் துணுக்கு. குண்டு எலும்புல பட்டு சிதறின ஈயம். கண்ணுக்குத் தெரியாது, பல்லுலயும் மாட்டாது. மாநில சுகாதாரத் துறை உணவு வங்கிகளைக் கூப்பிட்டு எல்லாத்தையும் குப்பையில் போடச் சொல்லிடுச்சு.

அதே வருஷம் அங்கே 738 பேர் ரத்தத்தைச் சோதிச்சாங்க. வேட்டைக் கறி தின்னவங்க ரத்தத்துல ஈயம் மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூட இருந்தது. அன்றைய எச்சரிக்கை அளவான 10ஐ யாரும் தாண்டலைங்கிறதையும் சொல்லிடறேன். இன்னொண்ணையும் சொல்லணும்: மினசோட்டாவில் செத்த ஆடுகளைச் சுட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தப்போ, வேகமா விரியுற ரைஃபிள் குண்டுதான் மோசமா சிதறினது. ஸ்லக் அந்த அளவுக்கு சிதறலை. ஆனா ஒரு துணுக்கும் விடாம சுத்தமாப் போனதுன்னும் சொல்ல முடியலை. குழந்தைக்கு 'கொஞ்சம் ஈயம்' பரவாயில்லைங்கிற அளவு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. உடம்புக்கு ஈயத்தையும் கால்சியத்தையும் சரியாப் பிரிக்கத் தெரியாது. எலும்புல வாங்கி சேமிச்சு வெச்சுக்கும். வளர்ற மூளையில் புகுந்துக்கும்.

ஆக, சுட்டவனுக்கு ஸ்லக்ல ரெண்டு டாலர் மிச்சம். அந்த மிச்சத்தைத் தின்னது உணவு வங்கி வரிசையில் நின்னவன் வீட்டுப் பிள்ளை.

இது எண்ணூர்க்காரங்களுக்கு நான் விளக்கணுமா என்ன? ஊருக்கெல்லாம் மலிவு கரண்ட், சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆத்துக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கழிமுகத்துல படிஞ்சது, கூழைக்கடா எல்லாம் கறுப்பா நின்னுச்சு. அதே மாசக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போற அமோனியா குழாய் கசிஞ்சு, நடுராத்திரி ஜனம் தெருவுல ஓடினது. உரம் மலிவு, பெட்ரோல் இங்கேயே சுத்திகரிப்பு, எல்லாம் சரி. மிச்சப் பில் யாருக்கு வந்ததுன்னு நம்ம கிளாஸ்லயே பாதிப் பேருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊர்ல பிறந்தவன் "கிலோ மூணு ரூபா"ன்னு கணக்குப் போட்டதுதான் எனக்கு ஆத்திரம்.

கழுகு கதையும் இதேதான். கலிபோர்னியாவில் காண்டோர்னு ஒரு ராட்சசப் பிணந்தின்னிக் கழுகு. 1987ல் உலகத்துலயே மிஞ்சினது 27. எல்லாத்தையும் பிடிச்சு கூண்டுல வெச்சு குஞ்சு பொரிக்க வெச்சு, திரும்ப வெளியே விட்டா, வேட்டைக்காரன் விட்டுப்போன மிச்சத்தைத் தின்னு ஈயத்துல சாகுது. கடைசியில் 2013ல் சட்டம் போட்டு, 2019 ஜூலைலேர்ந்து மாநிலம் முழுக்க வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாதுன்னுட்டாங்க. நம்ம ஊர்ல கழுகைக் கொன்னது வேற ஒரு மலிவுச் சரக்கு, மாட்டுக்குப் போடுற டைக்ளோஃபெனாக் வலி ஊசி. 2006ல் கால்நடைக்குத் தடை பண்றதுக்குள்ள நாட்டுல கழுகே காலி. மிஞ்சினதுல கொஞ்சம் நீலகிரி பக்கம் மாயாறு பள்ளத்தாக்குல, காட்டுல சாகுற மான், காட்டெருமையைத் தின்னு பிழைக்குது. நண்பர் ஆசைப்படி அங்கே லைசென்ஸ் குடுத்து மலிவு ஈயத்தையும் கையில் குடுத்தா, அந்த மான் குடலோட அதுங்க என்னத்தைத் தின்னும்?

"செம்பு ஸ்லக் ஏழைக்குக் கட்டுபடியாகுமா? நீ எலீட் மாதிரி பேசுற." இதுவும் குரூப்ல வந்த அடிதான். ஒரு மானுக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு ஸ்லக். துப்பாக்கி, வண்டி, டீசல், லைசென்ஸ், லீவு, இதெல்லாம் கட்டுபடியாகுறவனுக்கு அந்த ஒரு குண்டுல மட்டும் வறுமை வந்துடுது! டென்மார்க்ல ஈய ரவையை 1996லயே நிறுத்தினாங்க. 2024 ஏப்ரல்லேர்ந்து ரைஃபிள் குண்டுலயும் ஈயம் கூடாது. அங்கே வேட்டையும் நிக்கலை, வேட்டைக்காரனும் தெருவுக்கு வரலை. பிரிட்டன் 2025ல் தடையை அறிவிச்சிருக்கு, 2029ல் அமலுக்கு வரணும்.

மான் வேட்டை நமக்குக் கிடையாது, சரி. இந்த ஒரு அவுன்ஸ் ஈயம் காசிமேட்டுல இருக்கு. செவுள் வலையைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். மேல் கயிறுல மிதப்பு, கீழ் கயிறுல ஈயம். வலை நட்டமா நிக்கணுமே. துப்பாக்கிக்காரன் எதுக்கு ஈயத்தைத் தேடினானோ அதே காரணம்தான்: கனம், மெத்துத்தனம், கரி அடுப்புல உருகுற சௌகரியம். கத்தியால தட்டினாலே கயிறை இறுக்கிப் பிடிச்சுக்கும். வலை கட்டும்போது அந்த ஈயத்தைப் பல்லால கடிச்சு இறுக்குற அண்ணன்களை நான் தினமும் பார்க்கிறேன். பக்கத்துல குழந்தை அதே ஈயத்தை வெச்சு கோலி விளையாடும். எங்க வீட்டுலயே ஒரு டப்பா நிறைய இருந்தது, அரிசி மூட்டைக்குப் பக்கத்துல.

ஈயம் எங்கேர்ந்து வருது? இந்த நாட்டுல ஈயம்னாலே பெரும்பாலும் பேட்டரி. பழைய பேட்டரியை உடைச்சு, ஆசிடைச் சாக்கடையில் ஊத்தி, தகட்டை உருக்குற பட்டறைகள் நாடு முழுக்க இருக்கு. 2001லயே பேட்டரிக்கு விதி போட்டாங்க, 2022ல் புதுசா மாத்தினாங்க. விதிப்படி நடக்குற ஆலை சரக்கு ஒரு விலை, கொல்லைப்புற அடுப்புச் சரக்கு ஒரு விலை. மலிவு எது, யார் மூச்சுல மலிவாச்சுன்னு இப்ப உங்களுக்கே புரியும். யுனிசெஃப் 2020ல் ஒரு அறிக்கை விட்டது. ரத்தத்துல ஈயம் 5 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கிற குழந்தைகள் உலகத்துல 80 கோடி, அதுல இந்தியாவில் மட்டும் 27 கோடியே 50 லட்சம். பெட்ரோல்ல ஈயத்தை 2000லயே நிறுத்தின நாட்டுல இது.

இங்கிலாந்துல தூண்டில் போடுறவங்க விட்டுப்போன ஈயக்குண்டை அன்னப்பறவைகள் முழுங்கி சாகுதுன்னு, 1987லயே சின்ன ஈயக்குண்டுக்குத் தடை போட்டாங்க. எந்த எடை வரைக்கும் தெரியுமா? 28.35 கிராம். சரியா ஒரு அவுன்ஸ். நம்ம நண்பர் நூறு ரூபாய்க்கு விலை பேசின அதே ஒரு அவுன்ஸ்!

அன்னத்துக்காக அவங்க பண்ணதை, ஆளுங்களுக்காக இங்கே பண்ணச் சொல்லி யாரும் கேட்கலை. வலையிலேர்ந்து ஈயத்தை நாளைக்கே பிடுங்குன்னு நான் சொல்ல வரலை. அது மீனவர் தலையில் இன்னொரு பில் கட்டுற வேலை. சுட்ட மண்ணுல வலைக்குண்டு செய்யுறது நம்ம கடற்கரைக்குப் புதுசு இல்லை. எந்த வலைக்கு அது தாங்கும், எதுக்குத் தாங்காதுன்னு மீன்வளத் துறை காசிமேட்டுல வந்து மீனவர்களோட உட்கார்ந்து சோதிக்கட்டும், மாத்துறதுக்கான காசைத் துறையே குடுக்கட்டும். ஸ்டான்லியில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பிள்ளைகளுக்கு ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு இலவசமா ஒரு தடவை பார்த்து, எண்ணை வெளியே சொல்லட்டும். அதுவரைக்கும் செலவில்லாம ரெண்டு வேலை இருக்கு: ஈயத்தைப் பல்லால கடிக்காதீங்க, கொறடு இருக்கு. சோறு ஆக்குற வீட்டுக்குள்ள உருக்காதீங்க. ஈயம் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு அப்புறம் பிள்ளையைத் தூக்குங்க (சரி, மூணு வேலை).

மூணு ரூபாய்க் கணக்கு நண்பா, இதைப் படிச்சா குரூப்ல வந்து பதில் சொல்லு. உங்க அப்பா வலையில எத்தனை கிலோ ஈயம் இருக்குன்னும் கேட்டுட்டு வா.